ஆஸ்பத்திரி பில் கணக்கு உதைக்கிறது, இஎம்ஐயோ ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் சிபில் கெடுமா?

வீரவநல்லூர் தறிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. எண்களை முழுசாகச் சொன்னால்தான் விளங்கும் என்பதால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 67 வயது. தறி நெய்தவர். ஆற்றில் குளிக்கப் போன இடத்தில் படித்துறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாதி மூட்டு மாற்றுகிற ஆபரேஷன். டாக்டர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் வந்துவிடுகிறார். என் வழக்கெல்லாம் பில் கவுண்டரோடுதான்.

அப்பா பேரில் நான் 3 லட்சத்துக்கு ஒரு மெடிக்கல் பாலிசி போட்டு வைத்திருந்தேன். அதில் அறை வாடகை நாளுக்கு 3,000 வரைதான். சேர்த்த அன்றைக்கு அந்த வாடகையில் அறை காலி இல்லை என்று 4,500 ரூபாய் அறையில் போட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுத்தது ஒரே ஒரு தாள். அதில் இருப்பது இவ்வளவுதான்:

அறை வாடகை 6 நாள்: 27,000
சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர்: 78,000
இம்ப்ளாண்ட் (உள்ளே வைத்த மூட்டு): 52,000
மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ்: 61,400
லேப், எக்ஸ்ரே: 14,600
நர்சிங், டியூட்டி டாக்டர்: 15,000
இதர: 6,500
மொத்தம்: 2,54,500

இன்சூரன்ஸில் பாஸ் ஆனது 1,65,333. மீதி 89,167 கட்டினால்தான் டிஸ்சார்ஜ் சம்மரி தருவோம் என்றார்கள். அப்பா சக்கர நாற்காலியில், வாசலில் வண்டி. கவுண்டரில் இருந்த பையன் "வட்டியில்லா இஎம்ஐ இருக்கு மேடம்" என்று என் போனிலேயே ஓடிபி போட வைத்து ஒரு நிதி நிறுவனத்தில் கடன் போட்டுக் கொடுத்தான். ப்ராசஸிங் 833 சேர்த்து 90,000. மாதம் 7,500 வீதம் 12 மாதம். 5ஆம் தேதி என் அக்கவுண்டில் தானாகவே பிடித்துக்கொள்வார்கள். முதல் மாதம் பிடித்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பையை ஒதுங்க வைக்கும்போது இளஞ்சிவப்பு ரசீது ஒன்று கிடைத்தது. அட்மிஷன் போடும்போது தம்பி ரொக்கமாகக் கட்டிய அட்வான்ஸ், 30,000. சீல், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. மேலே எழுதிய பில்லில் அந்த 30,000 எங்கேயுமே இல்லை. போய்க் கேட்டால் "அது பார்மசி கணக்கில் போயிருக்கும்" என்கிறார்கள். அப்படியானால் மருந்துக்கு 61,400 போக இன்னும் 30,000-ஆ? பிரிக்காத ஊசி மருந்தும் குளுக்கோஸ் பாட்டிலும் வார்டில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதற்கும் பில்லில் கழிவு இல்லை. ஐட்டம் வாரியாகப் பில் கேட்டால், "எல்லாம் இன்சூரன்ஸுக்கு அனுப்பியாச்சு, இனிமே சிஸ்டத்துல வராது."

நாங்கள் இப்போது வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டிருக்கிறோம். எங்கள் ஸ்கோர் நன்றாக இருக்கிறது என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். பில் தீராமல் நான் ஏன் மாதாமாதம் கட்ட வேண்டும் என்று வயிறு எரிகிறது. ஆனால் கவுண்டரில் "கட்டலேன்னா சிபில்ல ஏத்திருவோம்" என்று சொல்லியே அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படிச் செய்ய முடியுமா? இஎம்ஐயை நிறுத்தி வைத்துவிட்டுச் சண்டை போடலாமா? யாரிடம் போக வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டவுன் ரதவீதி:

அக்கா, முதல் வேலையாக பேங்குக்குப் போய் அந்த ஆட்டோ டெபிட்டை கேன்சல் பண்ணுங்கள். பணம் வரவில்லை என்றால்தான் அவர்களே தேடி வந்து கணக்குக் காட்டுவார்கள். வாங்காத பொருளுக்கு யாராவது காசு கொடுப்பார்களா? 30,000 ரூபாயை முழுங்கிவிட்டு மிரட்டல் வேறு.

பாளை அண்ணாச்சி:

டவுன் தம்பியின் கோபம் நியாயம்தான். ஆனால் தங்கச்சி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். நான் பல வருஷம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தவன், இப்போது ஓய்வு. இந்த மாதிரித் தாள்களோடு வந்து நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு இப்போது இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று ஆஸ்பத்திரியோடு, இன்னொன்று நிதி நிறுவனத்தோடு. நிதி நிறுவனம் உங்கள் பேரில் ஆஸ்பத்திரிக்கு முழுப் பணத்தையும் அன்றைக்கே கொடுத்துவிட்டது. இனி நீங்கள் இஎம்ஐயை நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்கு ஒரு ரூபாய் நட்டம் கிடையாது. அடி விழுவது உங்கள் வீட்டுக் கடன் மேல்.

சிபிலில் ஏற்றுவோம் என்று ஆஸ்பத்திரி சொன்னது வெறும் மிரட்டல். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் என்று கடன் வரலாற்றைப் பதிந்து வைத்து ஸ்கோர் போடுகிற நாலு நிறுவனங்கள் இருக்கின்றன. கடன் விவரத்தை இவற்றுக்கு அனுப்புவது வங்கி, நிதி நிறுவனம், கிரெடிட் கார்டு கம்பெனி மாதிரி கடன் கொடுக்கிறவர்கள்தான். ஆஸ்பத்திரிக்கு நீங்கள் நேரடியாக ஒரு லட்சம் பாக்கி வைத்திருந்தாலும் அது சிபிலில் வராது. ஆனால் உங்கள் பாக்கி இப்போது கடனாக மாறிவிட்டது, அதனால் தவணை தவறினால் வரும். 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது விவரம் போகிறது. ரிப்போர்ட்டில் மாதாமாதம் எத்தனை நாள் தாமதம் என்று ஒரு கட்டம் இருக்கும், கடைசி 36 மாதம் வரைக்கும் தெரியும். வீட்டுக் கடன் கொடுக்கிற மேனேஜர் ஸ்கோரை மட்டும் பார்ப்பதில்லை, அந்தக் கட்டத்தையும் பார்ப்பார். ஆகவே 7,500-ஐ 5ஆம் தேதிக்கு முன்னாடியே அக்கவுண்டில் போட்டு வையுங்கள். அதோடு நிதி நிறுவனத்துக்கு ஒரு மெயில் அனுப்பி, ஆஸ்பத்திரி பில்லில் தகராறு இருக்கிறது, தவணையைத் தவறாமல் கட்டுகிறேன், தகராறு தீரும்போது வரும் பணத்தைக் கடனில் வரவு வைக்க வேண்டும் என்று பதிந்து வையுங்கள். கடன் போட்டபோது முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் உங்கள் மெயிலுக்கு வந்திருக்க வேண்டும். உண்மையில் வட்டியில்லையா, முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்று அதில் இருக்கும்.

இனி பில்லுக்கு வருவோம். யாருமே உங்களுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று அந்தத் தாளிலேயே கிடக்கிறது.

இன்சூரன்ஸ் 1,65,333 எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'இதர' 6,500-ஐத் தள்ளிவிட்டு, மிச்சம் 2,48,000-ல் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்திருக்கிறார்கள். ஏன் மூன்றில் இரண்டு? உங்கள் அறை 4,500, அனுமதி 3,000. அறை வாடகை தாண்டினால் அதே விகிதத்தில் மற்றதையும் வெட்டுவார்கள். அது பாலிசியிலேயே இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் வெட்டக் கூடாது. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்ப்ளாண்ட், லேப் பரிசோதனை இவற்றில் அந்த விகித வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-லேயே சொல்லிவிட்டது. இதற்குக் காரணமும் இருக்கிறது. பெரிய அறையில் படுத்தால் சர்ஜன் ஃபீஸ் ஏறலாம். பாராசிட்டமால் விலையும் மூட்டு விலையும் ஏறாது அல்லவா?

உங்கள் பில்லில் இம்ப்ளாண்ட் 52,000, மருந்து 61,400, லேப் 14,600. மூன்றும் சேர்ந்தால் 1,28,000. இதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டியிருக்கிறார்கள். அதாவது 42,667 ரூபாய். கையுறை மாதிரி பாலிசி தராத சில ஐட்டங்கள் போனாலும் பெரும்பகுதி உங்களுக்கு வர வேண்டிய பணம். பாலிசித் தாளில் 'அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்', அதாவது விகித வெட்டுக்கு உட்படுகிற செலவுகள், என்ற சொல்லுக்கு விளக்கம் தேடுங்கள், அந்த வரியை மேற்கோள் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைகேட்பு அதிகாரி) போகலாம். காசு கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியிடம் வாயால் கேட்டதெல்லாம் போதும், இனி எழுத்தில்தான். ஐட்டம் வாரியான பில், பார்மசி பில்கள், ரிட்டர்ன் சீட்டு, கேஸ் ஷீட் நகல், இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர் நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 'சிஸ்டத்தில் வராது' என்பதை நம்பாதீர்கள். இன்சூரன்ஸுக்கு அனுப்பியதே ஐட்டம் வாரியான பில்தான், அது இல்லாமல் கிளெய்ம் நகராது. அவர்கள் தராவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே நகல் கேளுங்கள். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ன் மருத்துவ கவுன்சில் விதி.

அந்த இம்ப்ளாண்ட் ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. மூட்டு வந்த பெட்டியில் சின்ன லேபிள்கள் இருக்கும்: கம்பெனி, சைஸ், பேட்ச் எண். தியேட்டரில் அதைக் கிழித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அந்த எண்ணும் பில்லில் இருக்கிற எண்ணும் ஒன்றா, எம்ஆர்பிக்கு மேல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கிற போன் சிமெண்ட் வைத்திருந்தால் அது இம்ப்ளாண்ட் கணக்கில் ஒருமுறை, பார்மசியில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், அது அடிக்கடி நடக்கும். பார்மசி பில்லில் தேதியை விரல் வைத்துப் படியுங்கள்; டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஊசி போட்ட தேதி இருந்தால் வட்டம் போடுங்கள். 'இதர' 6,500 என்ன என்று எழுதிக் கேளுங்கள். ஃபைல் சார்ஜ், கம்பளி, துப்புரவு இதெல்லாம் அறை வாடகைக்குள் அடக்கம் என்று பல பாலிசிகளின் பின்னிணைப்பிலேயே பட்டியல் இருக்கும்.

அந்த இளஞ்சிவப்பு ரசீதின் அசலை எக்காரணம் கொண்டும் கவுண்டரில் கொடுத்துவிடாதீர்கள். நகல் மட்டும்.

கல்லிடை அப்பளக்கடை:

அண்ணாச்சி சொல்வதுதான் சரி. எங்கள் மச்சினன் வேறொரு விஷயத்தில் டவுன் தம்பி சொன்ன மாதிரியே நிறுத்தினான். பொருள் சரியில்லை, நியாயம் அவன் பக்கம்தான். ஆனால் பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவுகிற நேரத்தில் பயிர்க்கடன் கேட்டுப் போனபோது வங்கியில் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டிவிட்டார்கள். நகையை அடகு வைத்துத்தான் நடவு முடிந்தது.

வீரவநல்லூர் அக்காவிடம் இன்னொன்று. அப்பா ரேஷன் கார்டு தனியாக இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கினால் போதும். நடந்து முடிந்த ஆபரேஷனுக்கு இது உதவாது. ஆனால் 67 வயதுக்காரருக்கு இன்னொரு இடுப்பும் இருக்கிறதே. விவரத்துக்கு 1800 425 3993. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு பெரியாஸ்பத்திரியிலும் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள் என்பதை நம் ஆட்கள் பல பேர் மறந்தேவிடுகிறார்கள்.

வள்ளியூர் வக்கீல் குமாஸ்தா:

ஆட்டோ டெபிட் பற்றி ஒரு எச்சரிக்கை. அக்கவுண்டில் பணம் இல்லாமல் அது திரும்பிப் போனால், செக் பவுன்ஸ் மாதிரியே கேஸ் போட பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டம் 25ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. சிபில் மட்டும் பிரச்சினை இல்லை.

பணம் பாக்கி என்று நோயாளியை நிறுத்தி வைக்க ஆஸ்பத்திரிக்கு உரிமை இல்லை. ஐட்டம் வாரியான பில் கேட்பதும், தடையில்லாமல் டிஸ்சார்ஜ் ஆவதும் நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டயத்திலேயே இருக்கிறது. கடிதத்தில் அதையும் குறிப்பிடுங்கள்.

கடிதத்தை ஆஸ்பத்திரி நிர்வாக இயக்குநர் பேருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். பதினைந்து நாள் கெடு கொடுத்தால் போதும். பதில் இல்லை என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மனு, ஜே.டி. ஆபீஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். தனியார் ஆஸ்பத்திரிகளின் பதிவு அவர்கள் கையில். திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்தால் ஒரு எண் போட்டுத் தருவார்கள், அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்கிற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, நீங்களே வாதாடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் பண்ணிப் புகார் பதிந்தால் சில இடங்களில் அதிலேயே முடிந்துவிடும். எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் சொல்வோம்.

டவுன் ரதவீதி:

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அக்கா. அண்ணாச்சி, ஒரு சந்தேகம். அவர் ஒழுங்காகக் கட்டியும் நிதி நிறுவனம் தவறாக 'பாக்கி' என்று ஏற்றிவிட்டால்?

பாளை அண்ணாச்சி:

நல்ல கேள்வி தம்பி. அதற்குத்தான் ரிப்போர்ட்டை அவ்வப்போது எடுத்துப் பார்க்கச் சொல்வது. ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நாலையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருஷம் முழுக்கக் கண்காணிக்கலாம். தப்பு இருந்தால் அவர்கள் தளத்திலேயே டிஸ்ப்யூட் போடுங்கள், கூடவே நிதி நிறுவனத்துக்கும் எழுதுங்கள். கடன் கொடுத்தவர் ஒத்துக்கொண்டால்தான் சிபில் திருத்தும், தானாகத் திருத்தாது. 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டு, 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதுவும் நடக்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் ஓம்புட்ஸ்மேனுக்குப் புகார் போடலாம். உதவிக்கு 14448.

வீரவநல்லூர் தறிவீடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கடிதம் போன பிறகு நிலவரம் மாறிவிட்டது. ஐட்டம் வாரியான பில் வந்துவிட்டது, பதினாலு பக்கம். ரிட்டர்ன் கொடுத்த மருந்தில் 3,180 ரூபாய் கழிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். 30,000 அட்வான்ஸ் வேறொரு நோயாளியின் எண்ணில் ஏறியிருக்கிறதாம். இன்சூரன்ஸுக்கும் எழுதிவிட்டேன், மறுபரிசீலனைக்கு எடுத்திருப்பதாக மெயில் வந்திருக்கிறது. இஎம்ஐ தவறவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாளை நீட்டுகிறார்கள். 33,180-ஐத் திருப்பித் தருகிறோம், ஆனால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, முழுத் தீர்வு' என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். இன்னும் அந்த 'இதர' 6,500-க்கு விளக்கம் வரவில்லை. போடலாமா? பணத்தை நேராக நிதி நிறுவனத்துக்கே அனுப்பிவிடுகிறோம் என்றும் சொல்கிறார்கள்.

பாளை அண்ணாச்சி:

சந்தோஷம் தங்கச்சி. அந்தத் தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். அந்த 33,180 உங்கள் சொந்தப் பணம், அதைத் திருப்பித் தர நிபந்தனை போட அவர்களுக்கு இடமில்லை. '33,180 ரூபாய் பெற்றுக்கொண்டேன், மற்ற கோரிக்கைகளை விட்டுக்கொடுக்கவில்லை' என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். திருத்திய பில்லும் வாங்குங்கள். இன்சூரன்ஸ் மறுபரிசீலனைக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

பணம் உங்கள் அக்கவுண்டுக்கே வரட்டும். நீங்களே நிதி நிறுவனத்துக்கு எழுதி, எவ்வளவு கட்டினால் கடன் முழுசாக முடியும் என்று கடிதம் வாங்குங்கள். இன்சூரன்ஸ் பணமும் வந்தால் சேர்த்து அடைத்துவிடலாம். நிதி நிறுவனத்திலிருந்து யாராவது போன் பண்ணி, கொஞ்சம் குறைத்துக் கட்டி செட்டில் பண்ணிக்கொள்ளுங்கள் என்றால் சம்மதிக்காதீர்கள். ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழுந்தால் முழுசாகக் கட்டாதவர் என்று அர்த்தம், வீட்டுக் கடனுக்கு அது இடைஞ்சல். 'குளோஸ்டு' என்றுதான் வர வேண்டும். கடன் முடிந்ததும் நோ டியூ சர்டிபிகேட் வாங்கி, ஆட்டோ டெபிட்டை அப்போது கேன்சல் பண்ணுங்கள். ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட் எடுத்து, சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த நகலை வங்கி மேனேஜரிடம் கொடுங்கள்.

வள்ளியூர் வக்கீல் குமாஸ்தா:

அண்ணாச்சி சொன்ன வாசகம் போதும். அப்படி எழுதிக் கொடுத்தும் பணம் தர மறுத்தால், மறுத்ததையே ஒரு மெயிலில் எழுதி அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். 6,500-க்குச் சேர்த்து நுகர்வோர் ஆணையத்தில் போடும்போது அந்த மெயில்தான் முதல் ஆவணம்.